கொல்லிமலையில் பிராண்ட் இணையரின் பணி: மருத்துவமும் மறைபரப்பும்

கொல்லிமலை குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் வல்வில் ஓரியோடும் கொல்லிப்பாவையோடும் நின்றுவிடுகின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த கிறித்தவ மறைப்பணி போதிய கவனம் பெறவில்லை. ஜெசி பிராண்ட் (1885–1929), ஈவ்லின் பிராண்ட் (1879–1974) இணையரின் பணியில் மருத்துவமும் மறைபரப்பும் எவ்வாறு உறவுகொண்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்கிலாந்தின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்த இவர்கள் 1913இல் மணம்புரிந்து மலையேறினர். ஜெசி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும் அவரை நாடி மக்கள் வந்தமைக்கு மருத்துவமே காரணம். நரம்புச்சிலந்தி நோய் இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும் இப்புழு காலில் புண்ணாகி வெளிப்படும். இழுத்தால் அறுந்து சீழ்பிடிக்கும். ஆதலின் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிதளவாகச் சுற்றியே எடுத்தல் வேண்டும். புண்பட்ட கால் நீரில் படுங்கால் புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அந்நீரைப் பருகுவோர்க்கு நோய் தொடரும். புழுவை எடுத்ததோடு ஜெசி அமையவில்லை. எவரும் நீருக்குள் இறங்காதவாறு கிணறுகளுக்குக் கற்சுவர் எழுப்பச் செய்தார். இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாக 2000இல்தான் அறிவிக்கப்பட்டது என்பது ஈண்டு நினையத்தக்கது.

மருந்தை ஏற்ற மக்கள் மதத்தை எளிதில் ஏற்றிலர். ஊர்ப் பூசாரியின் எதிர்ப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இன்புளூயன்சாக் காய்ச்சல் பரவியபோது பிறர் அஞ்சி விலக, பிராண்ட் இணையர் வீடுதோறும் கஞ்சி கொண்டுசென்றனர். நோயுற்ற அப்பூசாரி இறக்குந் தறுவாயில் தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன் பின்னரே திருச்சபைக்கு ஆட்கள் வரலாயினர் என டாரதி கிளார்க் வில்சன் எழுதிய ஈவ்லினின் வாழ்க்கை வரலாறு கூறும். இஃது ஊழியர் தரப்புச் சான்று. இதில் பூசாரியின் செயல் சமயத்தின் வெற்றியாகக் காட்டப்படுகிறது. சாகுந் தந்தை தன் மகளுக்குத் தேடிய புகலிடமாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. பின்னதே பொருத்தமுடைத்து என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

1929இல் ஜெசி கருநீர்க் காய்ச்சலால் மறைந்தார். ஈவ்லின் இந்தியப் பணியை விடவில்லை; மிஷன் ஓய்வளித்த பின்னரும் தாமே மலைக்குத் திரும்பி, முதுமையில் மட்டக்குதிரை மீதமர்ந்து ஊர்தோறும் சென்றார். மலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட் (1914–2003), வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகறியப் பெற்றார்.