விளம்பரக் குவியலில் கைவிட்டுப் பார்ப்போம்



கடைவீதியில் இருந்த ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

விளம்பரத்துக்கும் மேல்பக்கம், உள்பக்கம் உண்டு. நாம் அன்றாடம் பார்க்கும் நகைக்கடன் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம்.

படம்: கழுத்து நிறைய நகையோடு ஒரு பெண், சிரித்த முகத்துடன் கணவர், கல்லூரிக்குக் கிளம்பும் மகள்.

பெரிய எழுத்து: ‘சில நிமிடங்களில் பணம்! கிராமுக்கு அதிகத் தொகை!’

பொடி எழுத்து: ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது.’

எழுத்தில் பொய் இல்லாமல் இருக்கலாம். பணம் சீக்கிரம் கிடைக்கும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. இந்தக் கடனால் குடும்பம் நிம்மதியாகும் என்று எங்கும் எழுதியிருக்காது. எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். அதனால் அந்த வேலையைப் படம் செய்கிறது. சிரிப்புக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்திலுள்ள பெண்ணின் கழுத்தில் நகை இருக்கிறது. அடகு வைத்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணின் கழுத்தில் அது இருக்காது. ஏறும் வட்டிக்கும், கெடு தவறினால் வரும் ஏலத்துக்கும் படமே கிடையாது. குவியலின் ஈரம் அங்கேதான் இருக்கிறது.

வட்டி ஹராம் என்று நாம் அறிவோம். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவும் காலேஜ் ஃபீஸும் நெருக்கும்போது அந்தச் சிரிப்பு மனதை இழுக்கும். நெருக்கடி வருவதற்கு முன்பே இதைப் பிள்ளைகளோடு பேசிவிடுவது நல்லது. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பழக்குங்கள்:

1. எழுத்து மட்டும் இருந்தால் இது என்ன சொல்கிறது?
2. எழுத்து சொல்லாத எதைப் படம் சொல்கிறது?
3. இரண்டுமே சொல்லாமல் விட்டது எது?

மூன்றாவது கேள்விக்குச் சட்டத்திலும் இடமுண்டு. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

அவசரத் தேவை வந்தால் முதலில் உங்கள் மஹல்லாவில் வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால் உண்டா என்று விசாரியுங்கள். அங்கே சிரிக்கும் குடும்பத்தின் படம் இருக்காது. ஆனால் வாங்கிய தொகையை மட்டும் திருப்பித் தந்தால் போதும்.

அல்லாஹ் நம் குடும்பங்களைக் கடன் சுமையிலிருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.