ஃபோர்க்கைப் பார்த்துவிட்டு விலை பேசு

1. தம்பி, பழைய மலைச் சைக்கிளில் செயினும் டயரும் தேய்ந்திருந்தால் கவலைப்படாதே, மாற்றிக்கொள்ளலாம். நல்ல சஸ்பென்ஷன் ஃபோர்க் போய்விட்டால், சைக்கிளுக்குக் கொடுத்த பணத்தையே மறுபடி எண்ணி வைக்க நேரலாம். அதனால் முதலில் முன்சக்கரத்தின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்.

2. ஃபோர்க்கின் மேல் குழாய்கள் இரண்டையும் ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார். பின்பக்கத்தையும் பார், விற்பவரே பல நேரம் அதைக் கவனித்திருக்கமாட்டார். நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டு. நகம் தட்டுகிற கீறல், குழாய் உள்ளே நுழையுமிடத்தில் இருக்கும் சீல் எட்டாத உயரத்தில் இருந்தால் பார்வைக்குத்தான் குறை. சீல் உரசுகிற இடத்தில் இருந்தால் ஆயில் வெளியே வரும், தூசி உள்ளே போகும். சீலைப் புதிதாக மாற்றினாலும் அதையும் அறுத்துவிடும். பூச்சு தேய்ந்து அலுமினியம் வெளுத்துத் தெரிகிற குழாய் என்றால் எழுந்து வந்துவிடு. ஃபாக்ஸ் நிறுவனத்தின் பொன்னிறக் கஷிமா பூச்சும் இதற்கு விலக்கல்ல. மலிவான ஃபோர்க்குகளில் குரோம் பூசிய இரும்புக் குழாய் வரும். அங்கே துருப்புள்ளியைத் தேடு.

3. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசை. ஆட்டம் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் முடிவெடுக்காதே. ஹேண்டிலை 90 பாகை திருப்பி அசைத்தால் ஹெட்செட் ஆட்டம் தனியாகத் தெரியும். பெரும்பாலும் இறுக்கினால் தீரும். ஹேண்டிலை நேராக்கி, சீல் ஓரத்தில் விரலை வைத்து மறுபடி அசை. அங்கே அசைவு தட்டினால் உள்ளேயுள்ள புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றத் தனிக் கருவி வேண்டும், எல்லாக் கடையிலும் நடக்காது.

4. ஃபோர்க்கை அழுத்தும்போது, மேல் குழாய்கள் சேரும் கிரவுனில் கிரீச்சொலி கேட்டால், அழுத்தி இறுக்கிய குழாய் தளர்ந்திருக்கலாம். கிரீஸ் போட்டுத் தீராது. மேற்பாகம் முழுவதையும் மாற்றவேண்டும். விரிசல் கண்டால் பேச்சே வேண்டாம்.

5. காற்று ஃபோர்க் என்றால் ஷாக் பம்ப் கொண்டுபோ. உன் எடைக்கு நிரப்பி ஏறி உட்கார். 120 மி.மீ. ட்ராவல் உள்ளது 25 முதல் 30 மி.மீ. வரை அமுங்கினால் சரி. அமுங்கிய அளவைக் குறித்துக்கொண்டு இறங்கி, அரைமணி நேரம் கழித்து மறுபடி ஏறி உட்கார்ந்து அள; முன்னைவிட அதிகம் அமுங்கினால் காற்று கசிகிறது. பம்பை மாட்டி மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதே; பம்பின் குழாய்க்குள் கொஞ்சம் காற்று போவதால் அது எப்போதும் குறைத்தே காட்டும்.

6. ரீபவுண்ட் திருகை இரு கோடிக்கும் திருப்பி, ஃபோர்க்கை அழுத்தி விட்டுப் பார். எழும் வேகம் மாறவே இல்லையென்றால் அதைக் கட்டுப்படுத்தும் டேம்பர் வேலை செய்யவில்லை.

7. ஸ்டியரர் குழாயைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்களா பார். வெட்டியதை நீட்ட முடியாது.

8. கடைசி சர்வீஸ் எப்போது என்று கேள். கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து ஆயில் மாற்றும் வேலையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது ஃபோர்க் நிறுவனமான ராக்‌ஷாக்ஸ். இதுவரை செய்ததே இல்லை என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் முழு சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை சொல்.