குமிழ்முனைப் பேனையால் முகம் வரைவோம்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2009இல் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய படங்களை விட்டுவிட்டே வந்தன. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமும் இல்லாத வீடுகள் எம்மிடையே உண்டு. போன படங்களை மீட்க எம்மால் இயலாது. ஆனால் இன்று எம்மோடு இருக்கும் அம்மம்மாவையும் அப்பப்பாவையும் வரைந்து வைக்கலாம். கொப்பித் தாளும் குமிழ்முனைப் பேனையும் போதும்.

கைத்தொலைபேசியில் படம் பிடிக்கலாமே என்பீர்கள். பிடியுங்கள். ஆனால் ஒரு மணித்தியாலம் முன்னால் இருந்து பார்த்து வரையும்போது அவர் சொல்லும் ஊர்க்கதைகள் அதில் வருவதில்லை.

இந்தப் பேனைக்கு 1938இல் காப்புரிமை பெற்றவர் ஹங்கேரிப் பத்திரிகையாளரான லாஸ்லோ பீரோ. யூதர்களுக்கு எதிரான சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறி ஆர்ஜென்டினாவில் குடியேறிய அவரும் இடம்பெயர்ந்தவரே. பேனை முனையிலுள்ள சிறு குண்டு உருளும்போது பசை போன்ற மை தாளில் ஒட்டுகிறது. தொட்டும் தொடாமலும் இழுத்தால் மங்கலான கோடு விழும். அழுத்தினால் கடுமையாக விழும். இந்தக் கை அழுத்தம்தான் முழுப் பாடமும். பழைய தாளொன்றில் இதை முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

வரையப்படுபவரை வாசலோரம், ஒரு பக்க வெளிச்சத்தில் இருத்துங்கள். முட்டை வடிவத்தில் தலையை மிக மெல்லிதாக இடுங்கள். பழகாதவர்கள் கண்களை நெற்றிக்கு ஏற்றி வைத்துவிடுவார்கள். உண்மையில் உச்சந்தலைக்கும் நாடிக்கும் ஏறத்தாழ நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. இரு கண்களுக்கும் இடையில் இன்னொரு கண் வைக்குமளவு இடம் உண்டு. புருவத்துக்கும் நாடிக்கும் நடுவில் மூக்கின் அடி வரும். காதுகளும் புருவ மட்டத்திலிருந்து அந்த மட்டம் வரைதான். இது பொதுக் கணக்கு. கையை நீட்டிப் பேனையை முகத்துக்கு நேரே பிடித்து, பெருவிரலால் அளந்து, உங்கள் ஆள் எங்கே வேறுபடுகிறார் என்று பாருங்கள். சாயல் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எங்கள் கமக்காரரின் தோல் வெயிலில் கறுத்தது. முகத்தை வெறும் தாளாக விட்டால் அது வேறு யாரோ ஒருவராகிவிடும். முகம் முழுவதற்கும் சரிந்த மெல்லிய கோடுகளை நெருக்கமாக இடுங்கள். நெற்றி மேடு, மூக்கு நுனி, கன்ன எலும்பு என மினுங்கும் இடங்களை மட்டும் தாளாகவே விடுங்கள். நிழல் விழும் பக்கத்தில் எதிர்ப்புறம் சரித்து மேலும் கோடுகள் போட்டால் இருள் கூடும். நரைத்த முடியை வரையத் தேவையில்லை; அதன் பின்னணியை இருட்டாக்கினால் வெள்ளை தானாகத் தெரியும். சுருக்கங்களைக் கடும் கோடாகக் கீறாதீர்கள். மெல்லிய நிழலே போதும்.

பேனை முனையில் மை திரளும். அடிக்கடி பழந்துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். பிழையான கோட்டைச் சுரண்டினால் தாள்தான் கிழியும். பக்கத்தில் சரியான கோட்டை அழுத்திப் போட்டால் பழையது நிழலோடு கலந்துவிடும்.

இந்த மை வெயில் வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும். ஆகவே சுவரில் மாட்டாமல், பொலித்தீன் உறையில் காணி உறுதியோடு வையுங்கள். பின்புறத்தில் அவருடைய பெயர், பிறந்த ஊர், வரைந்த திகதி, அவர் செய்த வயலின் பெயர் ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.