பழைய பாட்டரியும் அதனுள் அடங்கிய ஈயமும்

மோட்டார் வண்டியையோ, மின்சாரம் தடைப்படுங்கால் வீட்டு விளக்குகளையோ இயக்கி வந்த பாட்டரி, சில ஆண்டுகள் உழைத்தபின் செயலற்றுப் போகிறது. மூலையில் கிடக்கும் அப்பெட்டியை வீட்டார் பயனற்றதெனக் கருதக்கூடும். ஆனால் வடநாட்டில் கபாடிவாலா எனவும், தமிழ்நாட்டில் காயலான்கடைக்காரர் எனவும் அழைக்கப்படும் பழம்பொருள் வியாபாரி அவ்வாறு கருதுவதில்லை. அவர் அதனை எடை போட்டு, கைமேல் பணம் கொடுத்து வாங்கிச் செல்கிறார். உடைந்த நாற்காலிக்குக் கிட்டாத விலை இதற்கு மட்டும் கிட்டுவது ஏன்? விற்கப்பட்ட பாட்டரி எங்கே செல்கிறது? அது செல்லும் இடத்தைப் பற்றி விற்பவர் கவலை கொள்ள வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடை காண, பாட்டரியின் உள்ளமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

பாட்டரியின் அமைப்பு

ஈய-அமிலச் சேமிப்பு மின்கலத்தை 1859-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே அமைத்தார். அதன் அடிப்படைத் தத்துவம் இன்றளவும் மாறவில்லை. 12 வோல்ட் பாட்டரி ஒன்றில் ஏறக்குறைய 2 வோல்ட் தரும் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஈய டை-ஆக்ஸைடு பூசிய நேர்த் தகடுகளும், நுண்துளைகள் நிறைந்த ஈயம் பூசிய எதிர்த் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் வெளிப்படும்போது இரு வகைத் தகடுகளின் பூச்சும் ஈய சல்பேட்டாக மாறுகிறது. மின்னேற்றம் செய்யும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. நாளடைவில் சல்பேட்டின் ஒரு பகுதி கடினமான படிகங்களாக உறைந்து, திரும்ப மாறும் தன்மையை இழக்கிறது. பூச்சு உதிர்ந்து அடியில் வண்டலாகத் தங்குகிறது. ஈயச் சட்டங்களும் அரிக்கப்படுகின்றன. இவ்வாறே பாட்டரியின் ஆயுள் முடிவடைகிறது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பாட்டரி செயலற்றுப் போனபோதிலும், தயாரிப்பின்போது அதனுள் வைக்கப்பட்ட ஈயம் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே இருக்கிறது. உலோகமாகவும், ஆக்ஸைடாகவும், சல்பேட்டாகவும் அது உருவம் மாறியுள்ளதே தவிர, அளவில் குறையவில்லை.

விலையின் கணக்கு

மோட்டார் பாட்டரியின் மொத்த எடையில் 100-க்கு 60 பங்கு அளவில் ஈயம் எனக் கொள்ளலாம். எஞ்சியவை அமிலம், பிளாஸ்டிக் பெட்டி, தகடுகளைப் பிரிக்கும் தடுப்புகள் ஆகியன. எடுத்துக்காட்டாக, 15 கிலோகிராம் எடையுள்ள பாட்டரியில் சுமார் 9 கிலோகிராம் ஈயம் இருக்கும். ஈயத்தின் சர்வதேச விலை லண்டன் உலோகச் சந்தையில் நிர்ணயிக்கப்படுகிறது. 2023-ம் ஆண்டில் அது டன் ஒன்றுக்குச் சுமார் 2,100 டாலராக இருந்தது. அக்கணக்கின்படி, மேற்கூறிய பாட்டரியிலுள்ள ஈயத்தின் மதிப்பு ஏறக்குறைய 19 டாலராகும்.

இம்மதிப்பு முழுவதும் விற்பவர் கைக்கு வர இயலாது. முறைப்படி இயங்கும் தொழிற்சாலை, வண்டிக் கூலி, உலைக்கான எரிபொருள், அமிலத்தைச் செயலிழக்கச் செய்தல், புகையிலுள்ள தூசியை வடிகட்டுதல் ஆகிய செலவுகளைக் கழித்துக்கொண்ட பின்னரே விலை கூற இயலும். உரிமம் பெறாமல் கொல்லைப்புறத்தில் உலை வைத்திருப்பவருக்கோ கடைசி இரு செலவுகளும் இல்லை. ஆகவே அவர் சற்று அதிக விலை கொடுக்க வல்லவராகிறார். தொழிற்சாலை வடிகட்டியில் பிடிபட்டிருக்க வேண்டிய ஈயத்தூசி, அவருடைய அண்டை அயலார் வீடுகளில் படிகிறது. விற்பவர் பெறும் மிகுதிப் பணத்திற்கு ஈடு செலுத்துவோர் அவர்களே.

முறையான மீட்பு

நல்ல தொழிற்சாலையில் பாட்டரிகள் அமிலத்துடனேயே வந்து சேருகின்றன. அமிலம் வடித்தெடுக்கப்பட்டு, சுண்ணாம்பு போன்ற காரப் பொருளால் சமனாக்கப்படுகிறது. பெட்டிகள் மூடிய இயந்திரத்தில் நொறுக்கப்பட்டு நீர்த்தொட்டியில் இடப்படுகின்றன. ஈயம் நீரைப்போல் 11 மடங்கு கனமானதாகையால் அடியில் அமிழ்கிறது. பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் மேலே மிதக்கிறது. பிளாஸ்டிக்கைக் கழுவி உருக்கி, மீண்டும் பெட்டிகள் செய்யலாம்.

ஈயச் சட்டங்களை உருக்குவது எளிது. ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். தகட்டுப் பூச்சின் நிலை வேறு. அதனைக் கரியுடன் சேர்த்துச் சுமார் 1,000 டிகிரி வெப்பத்தில் ஒடுக்கினால்தான் ஈயம் பிரியும். சல்பேட்டிலுள்ள கந்தகம் நச்சு வாயுவாக வெளியேறாதிருக்க, பூச்சை முன்னதாகவே சோடா உப்புடன் கலந்து கந்தகத்தை நீக்குவதுண்டு. உலையில் இரும்புத் துண்டுகளையும் சோடாவையும் இட்டு அதனைக் கசடில் பிணைப்பதும் உண்டு. இவ்வாறு கிடைக்கும் ஈயத்திலிருந்து செம்பு, ஆன்டிமனி, ஆர்ஸெனிக் முதலியவற்றை நீக்கியபின், அது சுரங்கத்திலிருந்து பெற்ற ஈயத்திற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

கொல்லைப்புற உலை

இம்முறைகளுள் ஒன்றேனும் கொல்லைப்புற உலையில் கைக்கொள்ளப்படுவதில்லை. பெட்டி கோடரியால் பிளக்கப்படுகிறது. ஈயம் கலந்த அமிலம் மண்ணில் ஊற்றப்படுகிறது. திறந்த உலையில் சட்டங்கள் உருகிவிடும். பூச்சிலுள்ள ஈயத்தில் பெரும்பகுதி மீட்கப்படாமல் சாம்பலிலும் கசடிலும் தங்கிவிடுகிறது. ஒரு பகுதி புகையாக வெளியேறுகிறது. பொருளாதார நோக்கில் பார்ப்பினும் இது நாட்டுக்கு நட்டமே.

உடல்நலக் கேடு இதனினும் பெரிது. உடலில் புகுந்த ஈயம் இரத்தச் சோகையையும் வயிற்று வலியையும் விளைவிக்கிறது. எலும்பில் படிந்து பல்லாண்டுகள் தங்குகிறது. உட்கொண்ட ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக ஏற்கிறது. அதனால் வளரும் மூளை பாதிக்கப்பட்டுக் கல்வித் திறன் குன்றுகிறது. இக்குறையைப் பின்னர் மருந்தால் போக்க இயலாது. தீங்கற்ற அளவு என ஒன்று ஈயத்திற்கு இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவாகும்.

ஆப்பிரிக்காவில் செனெகால் நாட்டின் தலைநகரான டாக்காரை அடுத்த தியாரோய் என்னுமிடத்தில், பழைய பாட்டரித் தொழிலால் மாசுற்ற மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கும் வழக்கம் இருந்தது. அங்கே 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் உயிரிழந்தனர். நம் நாட்டின் நிலையும் கவலைக்குரியதே. யூனிசெப் நிறுவனமும் பியூர் எர்த் என்னும் அமைப்பும் 2020-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருக்கலாமென மதிப்பிட்டது. சமையல் மசாலாப் பொருள்கள், வர்ணங்கள் போன்ற பிற வழிகளாலும் ஈயம் உடலை அடைகிறதெனினும், முறையற்ற பாட்டரி உலைகள் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளன.

சட்டமும் விற்பவர் கடமையும்

இந்திய அரசு 2001-ம் ஆண்டிலேயே பாட்டரிகளுக்கென விதிகளை வகுத்து, விற்பனையாளர்கள் பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ம் ஆண்டு விதிகள், உற்பத்தியாளரையே மீட்புக்குப் பொறுப்பாளராக்குகின்றன. பயன்படுத்துவோரும் பழைய பாட்டரியை மற்றக் குப்பையுடன் கலவாமல், சேகரிப்பிலோ மீட்பிலோ முறையாக ஈடுபட்டுள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

விற்பவர் மனத்திற் கொள்ள வேண்டியவை சிலவே:

1. புதிய பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய தொகையை விலையில் கழித்துக்கொள்ளுதல் நலம்.

2. அமிலத்தைத் தாமே வடித்தலாகாது. அமிலத்தைக் கொட்டிவிட்டு வருமாறு கூறும் வியாபாரியிடம் விற்காதிருத்தலே தக்கது.

3. பாட்டரியை நிமிர்த்தியே வைத்து, முனைகளைக் காப்பு நாடாவால் மூடி எடுத்துச் செல்லவேண்டும். உலோகப் பொருள் இரு முனைகளையும் ஒருங்கே தொட்டால் தீப்பொறி எழும்.

4. அமிலம் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, பொங்குதல் நின்றபின் துடைக்கலாம். கையில் பட்டால் உடனே மிகுதியான நீரால் கழுவவேண்டும்.

ஈயம் பன்முறை உருக்கினும் தன் குணம் கெடாத உலோகம். அது தொழிற்சாலைக்குச் சென்றால் மறுபடியும் பாட்டரியாகி வீட்டிற்கே திரும்பி வரும். கொல்லைப்புற உலைக்குச் சென்றால் அதன் ஒரு பகுதி அங்கு விளையாடும் குழந்தைகளின் உடலுக்குள் செல்லும். எவ்வழி செல்ல வேண்டுமென்பதை முடிவு செய்யும் முதல் வாய்ப்பு, அதனை விற்பவரிடமே உள்ளது.