ஏக்கர் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் காடு தேடி வரும் இளவட்டங்கள் இப்போது அதிகம். வேலையை விட்டுவிட்டு மாடு வளர்க்க வருகிறவர்கள் உண்டு. வேலையோடு சேர்த்து நாலு காங்கேயம் மாடு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் உண்டு. எல்லாரும் முதலில் கேட்பது, "ஏக்கர் என்ன விலைங்க?" என்பதைத்தான். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன், தம்பிகளா, தங்கைகளா.

1. ஒரு மாட்டுக்கு எவ்வளவு நிலம் வேண்டும், அந்த நிலத்துக்கு என்ன விலை ஆகும் என்று கேளுங்கள். ஏக்கர் 15 லட்சம் என்றால் மலிவு, 22 லட்சம் என்றால் கிராக்கி என்று தரகர் சொல்வார். அந்த ஏக்கரில் எத்தனை மாடு எத்தனை நாள் வயிறு நிறைய மேயும் என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள், பேச்சை ரோட்டுக்கும் பஸ்சுக்கும் மாற்றிவிடுவார்.

2. மாட்டின் வயிற்றிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். மாடு தன் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு காய்ந்த தீவனம் தின்னும். காங்கேயம் பசு 320 கிலோ என்று வைத்தால் நாளைக்கு 8 கிலோ, வருடத்துக்கு 2,920 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் எப்போதும் காய்ந்த எடையிலேயே கணக்குப் போடுங்கள். கிடாரிக்கும் கன்றுக்கும் அதனதன் எடைக்குத் தக்கபடி. ஏழெட்டுச் செம்மறி சேர்ந்தால் ஒரு பசுவின் தீவனத்தைத் தின்றுவிடும். காட்டுக்காரர் "நம்ம ஆடு ஒரு நாப்பது மட்டும் உள்ளே மேயுமுங்க" என்று சாதாரணமாகச் சொன்னால், ஐந்து மாட்டின் இடம் போயிற்று என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. புல்லை நிறுத்துப் பாருங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நிலத்துக்குக் கோடிக்கணக்கில் விலை பேசுகிறவர்கள் புல்லை மட்டும் கண்ணால் அளந்தால் போதும் என்கிறார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் நாலு குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். காட்டில் நல்ல இடம், மொட்டை இடம், மரத்தடி, வேலியோரம், கல்லாங்குத்து என்று பத்து இடத்தில் அதைப் போடுங்கள். நல்ல இடத்திலேயே பத்தும் போட்டால் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள். சட்டத்துக்குள் இருக்கும் தின்னக்கூடிய புல்லை மட்டும் தரையோடு அறுத்து, ஒடித்தால் மொறுமொறுவென்று ஒடியும் வரை காயவைத்து நிறுத்து, பத்தால் வகுங்கள். ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். சராசரி 200 கிராம் வந்தால் ஏக்கருக்கு 800 கிலோ.

அந்த 800 கிலோவும் மாட்டுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பாதியை விட்டுவைக்க வேண்டும். தாளை அடிவரை மேயவிட்டால் வேரும் சுருங்கும். அடுத்த மழைக்குத் தூர் பிடிக்காது. மிதிபடுவதும் சாணி விழுந்து ஒதுக்குவதும் வேறு இருக்கிறது. ஆக மாட்டுக்கு 400 கிலோ. நாளைக்கு 8 கிலோ என்றால் ஒரு ஏக்கர் ஒரு மாட்டுக்கு 50 நாள். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழியில் ஒரு முறை, கோடை மழைக்குப் பின் துளிர்த்தது வளர்ந்ததும் ஒரு முறை அறுத்துப் பார்த்து இரண்டையும் கூட்டினால்தான் வருடக் கணக்கு. கீழே நான் சொல்லும் கிராம் எல்லாம் அப்படிக் கூட்டிய கிராம்.

4. இப்போது தரகர் சொன்ன இரண்டு விலைக் காட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் காடு ஏக்கர் 15 லட்சம், சதுர மீட்டருக்கு 200 கிராம். ஒரு பசுவுக்கு வருடம் முழுக்கப் புல் கொடுக்க 7.3 ஏக்கர் வேண்டும். விலை ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம். இரண்டாவது காடு ஏக்கர் 22 லட்சம், 350 கிராம். ஏக்கருக்கு 1,400 கிலோ, மாட்டுக்கு 700 கிலோ. ஒரு பசுவுக்கு 4.2 ஏக்கர் போதும். விலை 92 லட்சத்தை ஒட்டி வரும். கிராக்கியான காடுதான் மாட்டுக்கு மலிவாக வருகிறது. விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், வழிமுறை மாறாது.

வருடம் முழுக்க யாரும் புல்லை மட்டும் நம்பி இருப்பதில்லை. 240 நாள் மேய்ச்சல், மீதி நாளுக்குக் கட்டுத்தரையில் சோளத்தட்டு என்றால், முதல் காட்டில் மாட்டுக்கு 5 ஏக்கர் போதும். ஆனால் மாட்டுக்கு ஆயிரம் கிலோ தட்டு போரில் இருக்க வேண்டும். நிலத்தைக் குறைக்கிறவர்கள் தட்டுச் செலவைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

5. ஆகையால் மாட்டுக்காக நிலம் வாங்காதீர்கள். மேலே வந்த 92 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம் போட்டால் வருடத்துக்கு ஆறரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. காங்கேயம் பசு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும், கன்று போடும், எரு தரும். வேறென்ன? எந்தப் பசுவும் அந்த வட்டியைக் கட்டாது. கையில் பணம் இருந்து பூமி வாங்கிப் போடுவது உங்கள் விருப்பம், அது முதலீடு. அதன் விலையை மாட்டின் தலையில் கட்டாதீர்கள்.

குத்தகைக்குப் பிடியுங்கள். அங்கேயும் ஏக்கர் குத்தகையைப் பார்க்காமல் ஒரு மாட்டு நாளுக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். ஏக்கர் 3,000 ரூபாய், 50 மாட்டு நாள் என்றால் நாளைக்கு 60 ரூபாய். ஏக்கர் 5,000, 87 நாள் என்றால் 57 ரூபாய். அன்றைய விலைக்கு 8 கிலோ சோளத்தட்டு என்ன ஆகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். தட்டு மலிவாக இருந்தால் குத்தகையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

6. எதற்கு விலை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தார் ரோட்டோரம், பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் பாசனம், சைட் போடும் வாய்ப்பு, காற்றாலை, இப்போது சோலார். இதில் எதையும் மாடு தின்னாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்காகக் காற்றாலை நட்ட காடுகளைக் குத்தகைக்கு விசாரியுங்கள். கம்பம் நிற்கும் இடமும் பாதையும் போக மீதியில் புல் இருக்கிறது, சொந்தக்காரர் வெளியூரில் இருப்பார். சோலார் பலகை பரப்பிய பூமியில் மாட்டுக்கு இடமில்லை. அந்த விலையோடு போட்டி போடாதீர்கள்.

7. புல்லை அடையாளம் பாருங்கள். கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நிற்க வேண்டும். ஒரு மழைக்குத் துளிர்க்கும். நின்றபடியே காய்ந்தாலும் மாடு தின்னும். பல வருடம் நிற்கும் புல் அது. தூர்களுக்கு நடுவே ஆவாரையும் எருக்கும் பெருகி, புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், அந்தக் காட்டை யாரோ அடிமட்டம் வரை மேய்த்துவிட்டுக் கைமாற்றப் பார்க்கிறார்கள். சீமைக் கருவேலம் ஏறிய காடு இன்னும் மோசம். அதன் காயை மாடு தின்று சாணியோடு விதையைப் பரப்பும். வேரோடு பிடுங்காவிட்டால் மறுபடி கிளைக்கும். பிடுங்கும் ஜேசிபி வாடகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

புல்லை மறுபடி கொண்டுவரலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 நீலக்கொழுக்கட்டை என்று ஒரு ரகம் கொடுத்திருக்கிறது. அறுத்த கையோடு புதுவிதையைத் தூவினால் சரியாக முளைக்காது, மாதக்கணக்கில் வைத்திருந்து தூவ வேண்டும். முளைத்த முதல் வருடம் மாட்டை உள்ளே விடக் கூடாது. அந்த ஒரு வருடத்துக்குக் குத்தகை கட்டுவது யார் என்று முன்பே பேசிவிடுங்கள்.

வெள்வேல மரங்களையும் எண்ணுங்கள். புல் தீரும் கோடையில் நிழலும் காயும் தருவது அதுதான். விறகுக்கு வெட்டித் தீர்த்த காட்டில் மாடு வெயிலில் நின்று இளைக்கும்.

8. வேலிக்கும் வடிவத்துக்கும் விலை உண்டு. முள்கிளுவை வேலி அடர்ந்து நிற்கும் காட்டில் கூலிக்கு மேய்ப்பவர் வேண்டாம், காலையில் விட்டு மாலையில் ஓட்டி வரலாம். புதிதாகக் குச்சி நட்டால் ஆடு நுழையாத வேலி ஆகப் பல வருடம் பிடிக்கும். கம்பி வேலி என்றால் சுற்றளவைப் பாருங்கள். நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 510 மீட்டர். அதே நாலு ஏக்கர் 40 மீட்டர் அகலத்தில் நீண்டு கிடந்தால் 890 மீட்டர். பாகப்பிரிவினையில் ரிப்பன் போலக் கிழித்த பூமியை மலிவு என்று எடுக்கிறவர்கள் அந்த மிச்சத்தைக் கம்பியில் போடுகிறார்கள்.

பன்னிரண்டு ஏக்கர் ஒரே வெளியாக இருப்பதைவிட, மூன்று மூன்று ஏக்கராக நாலு காடாக இருப்பது மேல். ஒன்றில் மேய, மற்ற மூன்றும் ஓய்வெடுக்கும். இரண்டுக்கும் ஒரே குத்தகை கேட்டால் யோசிக்காமல் நாலு காட்டை எடுங்கள்.

9. தண்ணீர். கோடையில் மாடு நாளைக்கு 40, 50 லிட்டர் குடிக்கும். பத்து மாட்டுக்கு 500 லிட்டர். ஆயிரம் அடி போர்வெல் போட்டும் வறண்ட காடுகள் இங்கே உண்டு. தொட்டியில் தண்ணீர் இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையாமல், வாயில் ஊற்றி உப்பு பாருங்கள்.

10. மாட்டை மோசமான வருடத்துக்கு எண்ணுங்கள். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அரசு அறிவித்தது. அப்படி ஒரு வருடத்தில் புல்லும் இருக்காது, தட்டும் கிடைக்காது, எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதால் விலையும் இருக்காது. நல்ல வருடத்தில் பத்து மாடு தாங்கும் காட்டில் நிரந்தரமாக ஆறு பசு வையுங்கள். மீதி இடத்துக்குக் காளைக்கன்றோ கிடாயோ வாங்கி விடுங்கள். மழை ஏமாற்றினால் அவற்றை முதலில் விற்கலாம். சினைப் பசுவை விற்கும் நிலைக்குப் போகாதீர்கள். ஒரு வருடத்துத் தட்டைக் கூடுதலாகப் போரில் வைத்திருப்பவர்கள்தான் இங்கே நிலைத்திருக்கிறார்கள்.

11. எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் ஐந்து வருடம் என்று சொல்லி, நீங்கள் வேலி கட்டி முள் அடித்த இரண்டாம் வருடமே காட்டைத் திருப்பிக் கேட்பார்கள். வெள்வேலக் காய் யாருக்கு, விழுந்த மரம் யாருக்கு, எரு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். பட்டா, வில்லங்கம் எல்லாரும் பார்ப்பார்கள். புலப்படத்தை வைத்து வண்டித்தடத்தையும் பாருங்கள். "பக்கத்தில் மேய்ச்சல் புறம்போக்கு பத்து ஏக்கர் இருக்கு, அதுவும் நமக்குத்தான்" என்று சொல்லி விலையை ஏற்றினால் ஒரு ரூபாய்கூடச் சேர்த்துத் தராதீர்கள். அது ஊருக்குப் பொது.

12. பார்க்க வரும் மாதம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எந்தக் காடும் பச்சையாகத்தான் இருக்கும். விற்கிறவர்களும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். சித்திரை வெயிலில் வந்து பாருங்கள். வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் தேரையொட்டி மாட்டுச் சந்தை கூடுவதும் அந்தச் சமயம்தான். எந்த ஊர் மாடு எலும்பு தெரிய வருகிறது, எது தெம்பாக வருகிறது என்று நின்று விசாரித்தால் எந்தப் பக்கத்துக் காடு தாங்கும் என்று தெரிந்துவிடும். மார்கழியில் பார்த்த காட்டுக்கு மார்கழியிலேயே முன்பணம் கொடுக்காதீர்கள்.