சிறிய நாடும் தொலைக்காட்சியும்: பூட்டான் தரும் பாடம்

தொலைக்காட்சி வந்துவிட்டால் அபிவிருத்தியும் வந்துவிட்டது என்று நாம் எண்ணுவதுண்டு. கோபுரம் எழுந்ததா, படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கிறோம். அதில் பேசுபவர் யார், எந்த மொழியில் பேசுகிறார் என்று கேட்பது குறைவு. இதனை விளங்கிக்கொள்ள இமயமலை நாடான பூட்டானின் அனுபவம் உதவும்.

வானொலியில் தொடக்கம்

அங்கு 1973 இல் இளைஞர் தொண்டர்கள் ஒரு சிறு வானொலியை ஆரம்பித்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரம் ஒலித்த அது, பின்னர் பூட்டான் ஒலிபரப்புச் சேவையாக வளர்ந்தது. சொங்கா, ஷார்ச்சொப், நேபாளி, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பியது. மலைகள் ஊர்களைப் பிரிக்கும் நாட்டில், வீதி எட்டாத கிராமத்தையும் குரல் எட்டியது.

தொலைக்காட்சியின் வருகை

தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் அனுமதியில்லை. 1998 இல் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டி தலைநகர் திம்புவில் பெருந்திரையில் காட்டப்பட்டது. மறு ஆண்டு, 1999 ஜூன் 2 ஆம் திகதி, மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் வெள்ளிவிழாவன்று ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. இதில் நன்மையும் தீமையும் உண்டு, பகுத்தறிந்து பயன்படுத்துங்கள் என மன்னர் மக்களுக்கு அறிவுறுத்தினார்.

ஆயினும் சொந்த ஒளிபரப்பு முதலில் திம்புவில், தினமும் சில மணி நேரம் மட்டுமே இடம்பெற்றது. வானொலியின் நான்கு மொழிகளில் சொங்காவும் ஆங்கிலமுமே திரைக்கு வந்தன. இதற்கிடையில் கேபிள் வழியாக வெளிநாட்டு அலைவரிசைகள் பல வீடுகளுக்குள் நுழைந்தன. பிள்ளைகள் மல்யுத்தக் காட்சிகளைப் பார்த்து அவ்வாறே விளையாடுவதாகப் பெற்றோர் கவலைப்பட்டனர். பின்னர் சில அலைவரிசைகள் தடைசெய்யப்பட்டன. தேசிய ஒளிபரப்பு செய்மதி மூலம் நாடெங்கும் சென்றது 2006 இல்தான்.

நாம் கற்பது என்ன?

கதவு திறந்த வேகத்துக்குச் சொந்த நிகழ்ச்சிகள் வளரவில்லை. தடையால் மட்டும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. எமது நாட்டில் 1982 இல் ரூபவாஹினி ஜப்பானிய உதவியுடன் ஆரம்பமானது. கோபுரத்தை அன்பளிப்பாகப் பெறலாம். எமது வயலையும் கடலையும் பற்றிய நிகழ்ச்சியை எமது மொழியில் நாமே ஆக்கவேண்டும். அதற்கு ஆட்களைப் பயிற்றுவதும் அபிவிருத்தியே.

கலந்துரையாடலுக்கு

1. கடந்த வாரம் நாம் பார்த்தவற்றில் எமது கிராமத்துக்குப் பயன்பட்டவை எவை?
2. எமது வாழ்க்கையை எமது மொழியில் காட்டியவை எத்தனை?
3. ஒரு நிகழ்ச்சி தயாரிக்க வாய்ப்புக் கிடைத்தால், எதை முதலில் சொல்வோம்?