நிர்வாகவியலில் பிஎச்.டி.: எந்த வாசலைத் தட்டுவது?

கோவையில் பிறந்து சென்னை லயோலாவில் இயற்பியல் படித்த நிர்வாகவியல் அறிஞர் சி.கே. பிரகலாத், 1975-இல் ஹார்வர்டில் வாங்கியது டி.பி.ஏ. (டாக்டர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்) பட்டம். அது முழுநேர ஆராய்ச்சிப் பட்டம். இன்று அதே பெயரில் நடக்கும் பல படிப்புகள் வேறு ரகம். வேலையில் இருக்கும் மேலாளர்கள் சொந்தப் பணம் கட்டி, வேலையை விடாமல் படிப்பவை. எனவே பட்டத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிப்பது ஆபத்து. பணம் யார் தருகிறார்கள், கைடு யார் என்ற இரண்டும்தான் முதலில் தெரிய வேண்டும்.

பேராசிரியர் வேலைதான் இலக்கு, நான்கைந்து ஆண்டுச் சம்பளத்தை விட முடியும் என்பவர்கள் ஐ.ஐ.எம். முழுநேரப் படிப்பை முதலில் பார்க்கலாம். 2018 ஜனவரியில் ஐ.ஐ.எம். சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அங்கே 'ஃபெல்லோ' தகுதிதான் கிடைத்தது, இப்போது பிஎச்.டி. பட்டமே கிடைக்கிறது. மாத உதவித்தொகையும் உண்டு.

அமெரிக்காவிலும் முழுநேர மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு. எம்.பி.ஏ. கட்டாயமில்லை. நிதித்துறைக்குப் போகிறவரிடம் கணிதமும் பொருளியலும் எவ்வளவு ஆழம் என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் ஒரு துறை ஆண்டுக்கு எடுப்பது ஒரு சிலரை மட்டுமே. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய கம்பெனியின் தலைமை அதிகாரியிடம் வாங்குவதைவிட, மாணவரின் ஆய்வைக் கூட இருந்து பார்த்த பேராசிரியரிடம் வாங்குவது நல்லது.

ஊரைவிட்டு நகர முடியாதவர்களுக்குப் பல்கலைக்கழகம்தான் வழி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். வேலையில் இருப்பவர்கள் பார்ட் டைமில் சேர யு.ஜி.சி.யின் 2022 விதிகள் இடம் தருகின்றன. நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். இங்கே பலரும் தடுக்கி விழுவது கைடு விஷயத்தில். அதே விதிகளின்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

எந்த வாசலானாலும் ஆய்வுத் திட்டம்தான் ஆளைக் காட்டும். 'வாடிக்கையாளர் திருப்தி: ஓர் ஆய்வு' என்ற தலைப்பு தேர்வுக் குழுவுக்கு எதையும் சொல்வதில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், பணம் கொடுக்கும்வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்றொரு வருமான வரி விதி 2023 நிதிச் சட்டத்தில் வந்தது. அதற்குப் பிறகு திருப்பூரின் பெரிய ஏற்றுமதியாளர்கள் பாக்கியைச் சீக்கிரம் தீர்த்தார்களா, ஆர்டரை வேறு பக்கம் திருப்பினார்களா? இது ஆய்வுக் கேள்வி. என்ன தரவு, எங்கே கிடைக்கும், எதை எதோடு ஒப்பிடுவது என்று இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம். அதே வகைக் கேள்வியில் கட்டுரை எழுதிய பேராசிரியர் எங்கே இருக்கிறாரோ, பட்டியலில் முதலிடம் அந்தத் துறைக்கு.

கடைசியாக, அந்தக் கைடிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் பேச வேண்டும். முன்பு படித்தவர்கள் முடிக்க எத்தனை ஆண்டு ஆனது, இப்போது எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று அவரால் சொல்ல முடியும்.